கோழி தின்ற கோப்பு

அரசாங்கக் காகிதத்தை அரைத்து ஆயிரத்து இருநூறு கோழிகளுக்குத் தின்னக் கொடுத்தான் என்று ஷெஹாத்தாவின் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தை எழுதியவன் நான்தான். மறைக்கவும் வழியில்லை. மனுவின் அடியில் எழுதிக்கொடுத்தவர் பெயரையும் போட வேண்டும் என்பது இங்கே விதி.

பறவைத் தீவன நெறிப்படுத்தல் இயக்ககத்தின் வாசலில், படிக்கட்டுக்கு இடப்பக்கம், ஒரு மடக்கு மேசை போட்டு இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே போகிறவர்களுக்கு மனு எழுதித் தருவேன். வெளியே வருகிறவர்களுக்கு அதே மனுவைத் திருத்தி எழுதித் தருவேன். எழுதப் படிக்கத் தெரிந்தவனை இங்கே மரியாதையாக உஸ்தாத் என்று கூப்பிடுவார்கள். இந்தக் கட்டடத்தில் நானூறு பேர் வேலை பார்ப்பதாகச் சொல்கிறார்கள். பார்த்ததற்கு எனக்குச் சாட்சி கிடையாது. ஆனால் நானூறு பேர் இருப்பது நிஜம், காலை பத்து மணிக்கு வண்டியில் மொச்சை ரொட்டி விற்கிறவனைக் கேட்டால் சொல்வான்.

ஷெஹாத்தா வாய்க்கால் கரைக்காரன். செங்கல் சூளையில் பதினோரு வருடம் முதுகை உடைத்துக்கொண்டு, அங்கிருந்து தப்பித்து வந்து ஒரு கொட்டகை போட்டுக் கறிக்கோழி வளர்த்தான். கறிக்கோழிக்குச் சளி பிடித்தால் கொட்டகை முழுக்கக் கர்கர் என்று மூச்சு இழுக்கும். மற்றவர்கள் மருந்துப் பொட்டலத்தைக் கிழித்துத் தண்ணீரில் கொட்டுவார்கள். இவன் மனைவி இன்ஷிராஹ் பிள்ளைகளுக்கு இருமல் வந்தால் எங்கள் நாட்டில் எல்லாத் தாய்மார்களும் செய்வதுபோலக் கொய்யா இலையைக் கொதிக்க வைத்துக் கொடுப்பாள். பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகிறது கோழியின் நெஞ்சுக்கு ஆகாதா என்று இவனுக்குத் தோன்றியிருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் நின்ற கொய்யா மரத்திலிருந்து இலையைப் பறித்து, நிழலில் காயவைத்து, பொடித்து, தீவனத்தில் கலந்தான். இரண்டு தொகுதிக் கோழிகள் மருந்தே இல்லாமல் வளர்ந்தன. மூச்சு இழுப்பு நின்றது, சாவும் குறைந்தது. அந்தப் பொடியைப் பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் திரிந்து, பார்க்கிறவர் மூக்கிலெல்லாம் நீட்டினான். எனக்கும் நீட்டினான்.

கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோக இயக்ககத்தின் வெளியேற்ற அனுமதி வேண்டும். அந்த மனுவில் ஏழாவது கேள்வி, தீவனத்தில் வேறென்ன சேர்க்கிறீர்கள் என்பது. அதற்கு எல்லோரும் எழுதும் பதில் ஒன்றே ஒன்றுதான். மூட்டை மூட்டையாக மருந்து கொட்டுகிறவனும் அதைத்தான் எழுதுவான்.

"ஒண்ணுமில்லைன்னு போட்டுடறேன், நாளைக்கே அனுமதி வந்துடும்" என்றேன்.

"கொய்யா இலையில என்ன வெட்கம், உஸ்தாத்? நல்லதைத்தானே போடறேன். உள்ளதை எழுதுங்க. உள்ளே இருக்கிறவங்க படிச்சவங்க. பார்த்துட்டு நாலு பேருக்குச் சொல்லுவாங்க."

இதை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். நான் எழுதினேன்: "கொய்யா வரக் காயவைத்துப் பொடித்துத் தீவனத்தில் கலக்கிறேன்." எங்கள் மொழியில் வரக் என்று ஒரே ஒரு சொல். மரத்தில் இருந்தால் இலை, மேசையில் இருந்தால் காகிதம். இதில் யாருக்கும் குழப்பம் வராது. இந்தக் கட்டடத்துக்குள் போகாதவரைக்கும் வராது.

அன்றைக்குக் கோழிகளுக்கு முப்பத்திரண்டு நாள் வயது. முப்பத்தைந்தில் சந்தைக்குப் போய்விட வேண்டும். நாற்பதைத் தாண்டினால் உடம்பு கனத்துக் கால் தாங்காது, தின்பதும் நிற்காது, மே மாத வெயிலில் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடும். இந்தத் தொகுதி போனால்தான் அடுத்த குஞ்சுகள் வரும். வராவிட்டால் மறுபடியும் சூளைதான் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மனுக்களை வாங்கும் ஜன்னலில் மேடம் புஸைனா இருக்கிறார். கழுகு முத்திரை அவர் வசம். நாங்கள் போனபோது மேசை நிறைய முலூகிய்யா கீரையைப் பரப்பி, மதியச் சமையலுக்கு ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். மனுவைப் பார்க்காமலே முத்திரையை எடுத்து ஓங்கி ஒரு குத்து. இந்த நாட்டின் கழுகு இறக்கையை விரித்துக்கொண்டு நேராகக் "கொய்யா" என்ற சொல்லின் மேல் போய் உட்கார்ந்தது. கழுகுக்கும் கோழிக்கும் எப்போதும் ஆகாது என்று அப்போது சிரித்தேன். மிச்சம் தெரிந்தது இதுதான்: "வரக் காயவைத்துப் பொடித்துத் தீவனத்தில் கலக்கிறேன்."

அதற்குப் பிறகுதான் மேடம் மனுவைப் படித்தார். படித்ததும் கீரையை ஒதுக்கினார். காகிதம் என்றாலே அரசாங்கக் காகிதம்தான், அந்த விஷயம் தீவனப் பிரிவுக்கு வராது, ஆவணக் காப்புப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றார். நான் ஜன்னலுக்குள் தலையை விட்டு, அது இலை மேடம், முத்திரைக்குக் கீழே கொய்யா என்று இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் என்றேன்.

"முத்திரைக்குக் கீழே இருக்கிறதைப் படிக்க எனக்கு அதிகாரம் இல்லை, உஸ்தாத் ஹில்மி" என்றார். விரலில் ஒரு கீரை இலை ஒட்டியிருந்தது. "முத்திரை விழுந்துட்டா முத்திரைதான் எழுத்து. கீழே வேற எழுத்து இருக்குன்னு சொல்றது முத்திரையைச் சந்தேகப்படற மாதிரி."

புதிய மனு எழுதித் தருகிறேன் என்றேன். ஒரே விஷயத்துக்கு இரண்டாவது மனு, முதல் மனு முடிந்த பிறகுதான் வாங்கப்படும் என்றார். முதல் மனு எப்போது முடியும் என்று ஷெஹாத்தா கேட்டான். நாளைக்கு வாருங்கள் என்றார்.

மூன்று நாள் "நாளைக்கு" ஆனபிறகு, கோழிகளின் முப்பத்தைந்தாம் நாளில், ஆவணக் காப்புப் பிரிவிலிருந்து ஆய்வாளர் வக்தி கொட்டகைக்கு வந்தார். ஷெஹாத்தா என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தான். இன்ஷிராஹ் தேநீர் வைத்துக் கொடுத்தாள். கொட்டகை நிழலில் சாக்கு விரித்துக் கொய்யா இலை காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கொய்யா மரம் நின்றுகொண்டிருந்தது. வக்தி இலையை எடுத்து முகர்ந்து பார்த்தார், மரத்தை அண்ணாந்து பார்த்தார், இரண்டாவது கோப்பைத் தேநீரையும் குடித்தார். பிறகு பேனாவைத் திறந்து, கலந்தது எந்த ஆண்டுக் காகிதங்கள் என்று கேட்டார்.

"உஸ்தாத், கையில வச்சிருக்கீங்களே, அதுதான் நான் கலக்கறது" என்றான் ஷெஹாத்தா.

"இது இலை. எனக்குக் கண்ணு தெரியும்ப்பா. ஆனா என்னைக் கண்ணைக் குடுத்து அனுப்பலை, கோப்பைக் குடுத்து அனுப்பியிருக்காங்க. கோப்புல காகிதம்னு இருக்கு. நான் போய் இலைன்னு எழுதினா, காகிதம் எங்கேன்னு என்னைக் கேப்பாங்க. கிடைக்காத காகிதத்துக்கு நான் எங்கே போவேன்? எனக்கும் மூணு பிள்ளைங்க இருக்கு."

ஆகவே காகிதங்கள் கோழிகளின் வயிற்றில் இருப்பதாக எழுதினார். எழுதும்போது ஒரு சந்தேகம் வந்தது. ஒரு கோழியை ஒரு பக்கம் என்று எண்ணுவதா, முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம் என்று எண்ணுவதா? அரை மணி நேரம் யோசித்து, தலைமையகத்தின் தெளிவுரைக்கு விட்டுவைத்தார். போகும்போது மாதிரிக்கு என்று ஆறு கோழிகளைக் கால் கட்டி எடுத்துக்கொண்டார். அவற்றின் ஆய்வு முடிவு இன்றுவரை வரவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் இயக்குநர் ரிஃபாத் பே முன்னால் விசாரணை. அவர் அறைக்குள் போகக் கோப்புக் கட்டுகளுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவுக்குச் சந்து இருக்கிறது. சந்தின் முடிவில் அவர். ஷெஹாத்தா துவைத்த கலாபிய்யா அங்கி போட்டு வந்திருந்தான். பையில் பொடியும் இருந்தது. படித்தவர், பார்த்தால் புரிந்துகொள்வார் என்று படிக்கட்டில் வரும்போதுகூடச் சொன்னான்.

ரிஃபாத் பே கோபப்படவில்லை. வருத்தமாகப் பேசினார்.

"காகிதம்னா என்னன்னு நினைச்சே, ஷெஹாத்தா? இந்த நாற்காலியில பத்தொம்பது வருஷமா இருக்கேன். ஒரு காகிதம் இந்த அறைக்குள்ள வந்தா வந்ததுதான். வெளியே போச்சுன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. ஒரு தடவை மழையில கூரை ஒழுகிச்சு. ஆளுங்கல்லாம் வெளியே ஓடுனாங்க. நான் கோப்புக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நின்னேன். எனக்கு முன்னாடி இருந்தவர் வந்த அன்னிக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவார். இப்ப அவர் எங்கே? விசாரணைக்கு அலையறார். கையெழுத்துப் போடறவன்தான்ப்பா மாட்டுவான். போடாதவன் மேல யாரு என்ன குத்தம் சொல்ல முடியும்? நாங்க இப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்கிறதை நீ கோழிக்குப் போட்டிருக்கே. நீ குடுத்தது காகிதம் இல்லை, என் ஆயுசு."

ஷெஹாத்தா பையிலிருந்து பொடியை அள்ளி மேசைமேல் வைத்தான். "பாஷா" என்று பெரிய அதிகாரிக்குரிய மரியாதையோடு கூப்பிட்டான். "மோந்து பாருங்க. கொய்யா இலை."

ரிஃபாத் பே பொடியை வெகுநேரம் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இவ்வளவு நைசா அரைச்சிட்டியே. இனிமே எந்த வருஷத்துக் கோப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். ஒழுகிய இடம் இன்னும் பூசப்படவில்லை.

தீர்ப்பு நாற்பதாம் நாள் வந்தது. அரசாங்க ஆவணங்களை உட்கொண்ட கோழிகள், அவற்றிலிருந்து ஆவணங்களைப் பிரித்தெடுக்க இயலாத காரணத்தால், இனி ஆவணங்களாகவே கருதப்படும். ஆவணங்களைப் பதினைந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அதுவரை அறுக்கவோ விற்கவோ இடம் மாற்றவோ கூடாது. ஷெஹாத்தா இவற்றின் பொறுப்பாளராக நியமிக்கப்படுகிறான். ஓர் ஆவணம் குறைந்தாலும் அவனே பொறுப்பு. கறிக்கோழி இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது என்று அதே கட்டடத்தில் உள்ள கால்நடை மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் ஆவணங்களின் ஆயுள் தம் துறையில் வராது என்றார்.

மறுநாள் வக்தி இரண்டு ஆட்களோடு வந்து ஒவ்வொரு கோழியின் காலிலும் எண் கட்டினார். ஒன்று முதல் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று நான்கு வரை. பிறகு கொட்டகைக் கதவில் கம்பி கட்டிச் சிவப்பு மெழுகை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார். உள்ளே போய்த் தீனி எப்படி வைப்பது என்று இன்ஷிராஹ் கேட்டாள். கதவைத் திறந்தால் குற்றம், ஜன்னலைப் பற்றி உத்தரவில் எதுவும் இல்லை என்றார். அன்றுமுதல் நாற்பத்தாறு வயது ஷெஹாத்தா ஒரு முழ அகல ஜன்னலில் தீவன மூட்டையோடு புகுந்து வந்தான். இடுப்பில் இரண்டு பக்கமும் தோல் உரிந்தது. அதைச் சொல்லும்போது நான் சிரித்துவிட்டேன், அவனும் சிரித்தான். அப்புறம் இரண்டு பேரும் சிரிப்பதை நிறுத்திவிட்டோம்.

நாற்பத்துமூன்றாம் நாள் பாலைவனத்துப் புழுதிக்காற்று அடித்தது. கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன, நிற்க முடியாதவை உட்கார்ந்தன, உட்கார்ந்தவை எழவில்லை. ஒரே பகலில் நூற்றுப்பதினேழு. ஒவ்வொன்றையும் ஜன்னல் வழியாக எடுத்து, கால் எண்ணைக் குறித்து, காணாமல்போன ஆவணம் என்று தனித்தனியாகக் காவல்நிலையத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். நூற்றுப்பதினேழையும் நான்தான் எழுதினேன். கடைசிப் பத்தை எழுதும்போது கை வலித்தது, மனசு அதைவிட வலித்தது. கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுதுவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஒரு தப்பும் பண்ணலையே, உஸ்தாத்" என்றான். என்னிடம் கேட்டானா, தனக்குத்தானே சொன்னானா தெரியவில்லை. அந்த முதல் மனுவில் "மரத்தின்" என்று ஒரு சொல் சேர்த்து எழுதியிருந்தால் கழுகு எங்கே உட்கார்ந்தாலும் இலை இலையாகவே இருந்திருக்கும். இருபத்தாறு வருட அனுபவம் எனக்கு. அந்த ஒரு சொல் வரவில்லை.

வீட்டுக்குப் போய் ஆவண விதிப் புத்தகத்தைத் தூசி தட்டினேன். நாற்பத்தொன்றாம் விதியில் ஒரு வழி இருந்தது. கெட்டுப்போகும் நிலையில் உள்ள ஆவணங்களைப் பொறுப்பாளர் வேண்டிக்கொண்டால், குழு ஒன்று நேரில் வந்து அழித்துவிடலாம். எங்கள் மொழியில் காகிதத்தை அழிப்பதற்கும் மனிதனைத் தூக்கில் போடுவதற்கும் ஒரே சொல்தான், ஆகவே மனுவில் எழுதவே கூசியது. ஆனால் கோழியை அறுக்க இயக்ககமே சம்மதித்துவிட்டால் கறியாவது அவனுக்கு மிஞ்சும், சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே பெருமையாக இருந்தது. மனு கொடுத்த மறுநாளே உத்தரவு வந்தது. இருபத்தாறு வருடத்தில் இந்தக் கட்டடத்தில் மறுநாளே எதுவும் வந்ததில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை குழு வந்தது. விதிப்படி மூன்று பேர். இரண்டு மினிபஸ்ஸும் நான்கு சின்ன வண்டிகளும் வந்தன. மேடம் புஸைனா பெயர்ப் பட்டியலோடு இறங்கினார். ஊழியருக்கு இரண்டு ஆவணம், பிரிவுத் தலைவருக்கு ஐந்து, இயக்குநருக்குப் பதவிக்குத் தக்கபடி. ஆவணங்கள் எரித்தே அழிக்கப்பட வேண்டும், ஆனால் திறந்த வெளியில் எரித்தால் சுற்றுச்சூழல் துறை ஆட்சேபிக்கும், ஆகவே ஊழியர்கள் தத்தம் இல்லங்களில் தத்தம் அடுப்புகளில் எரித்து அழிப்பார்கள் என்று வக்தி குறிப்பை வாசித்தார். மெழுகை உடைத்துக் கதவைத் திறந்தார்கள். கூடை கூடையாகக் கோழிகள் வெளியே வந்தன. ஒருவர் கோழியின் மார்பை அழுத்திப் பார்த்து, மருந்து வாடையே இல்லை, நல்ல வளர்ப்பு என்று மெச்சினார்.

ஷெஹாத்தா வக்தியின் கையைப் பிடித்தான். "உஸ்தாத், அழிக்கிறதுன்னா அறுக்கிறதுதானே. கறியை நான் சந்தைக்கு எடுத்துக்கிட்டுப் போறேன். எண் கட்டின காலை மட்டும் வெட்டி உங்ககிட்ட குடுத்துடறேன்."

வக்திக்கு முகம் சிவந்துவிட்டது. "அரசாங்க ஆவணத்தைச் சந்தையில வச்சு விப்பியா? என் முன்னாடி இப்படிப் பேசாதே. நான் கேக்காத மாதிரி இருந்துக்கறேன்."

பதினொரு மணிக்குள் கொட்டகை காலி. இன்ஷிராஹ் உள்ளே போய், தண்ணீர்க் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள்.

அதோடு விட்டிருந்தால் அது இயக்ககம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்ததும் அறிவிப்பு வந்தது. அழித்ததற்கான சாம்பல் கோப்பில் சேர்க்கப்படவில்லை. ஆவண எண்ணிக்கைப்படி நான்கு நெய் டின் சாம்பலைப் பொறுப்பாளர் மூன்று நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், தவறினால் ஆவணங்களைப் பதுக்கியதாக வழக்கு. நான் உள்ளே போய்க் கத்தினேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகக் கத்தினேன். கத்துவதற்கும் ஒரு மனு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று காவலாளி என்னை மெதுவாக வெளியே விட்டான்.

ஷெஹாத்தா கொய்யா மரத்தை அறுத்தான். கொட்டகையில் எரிக்க வேறெதுவும் இல்லை. இன்ஷிராஹ் கிளையைப் பிடித்துக்கொண்டாள், அவன் ரம்பத்தை இழுத்தான். பச்சை மரம் லேசில் எரியவில்லை. இரண்டு நாள் புகைந்தது.

புதன்கிழமை டின்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். நானும் கூடப் போனேன். மேடம் புஸைனா ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து பார்த்தார். மூன்று டின்தான் இருந்தது.

"இது வரக் சாம்பல்தானே?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். வரக்தான். கூடக் கொஞ்சம் கட்டையும்."

"நாலு டின் எழுதியிருக்கு. மீதி எங்கே?"

ஷெஹாத்தா ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டான். குரலை உயர்த்தவே இல்லை.

"மீதி உங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல இருக்கு, மேடம்."

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மேடம் புஸைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு குறிப்புப் பத்தியில் அழகான கையெழுத்தில், "மீதி ஒரு டின் இயக்ககத்தின் பாதுகாப்பில் உள்ளது" என்று எழுதி, முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

அவன் ரசீதை நாலாக மடித்து அங்கிப் பையில் வைத்தான். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் படிக்கட்டில் இறங்கி, சூளைக்கு ஆள் ஏற்றும் வண்டி நிற்கிற பக்கமாக நடந்தான்.